வரை

ஓடைக்குக் கிழக்கே இருப்பது என் தம்பி ஆர்லனுடையது.
மேற்கே இருப்பது என்னுடையது.
அப்பா இரண்டையும் ஒரே காகிதத்தில் குத்தகைக்கு விட்டார்,
ஐம்பத்து மூன்றில், ஏப்ரலில், சேறு உலராத பூட்ஸோடு,
மேசையில் கிடந்த ரொட்டித்தூளைப்
புறங்கையால் ஒதுக்கிவிட்டு.
வந்த பணத்தில் டிராக்டருக்கு இரண்டு பின் டயர்கள்.
மீதியில் எனக்கொரு மூக்குக்கண்ணாடி.
அதைப் போட்டுக்கொண்டுதான் அந்தக் காகிதத்தை
எழுத்துக்கூட்டிப் படித்தேன்:
ஐந்து ஆண்டுகள்; அதற்குப் பின்னும்
நிலத்தில் எண்ணெய் வரும் வரை.

வரை.
எல்லை என்றும் பொருள், கோடு போடு என்றும் பொருள்.
அப்பாவின் காகிதத்தில் மட்டும்
அது ஒரு கோடும் போடவில்லை.

ஆர்லன் பக்கம் ஒரு கிணறு.
நாளைக்கு இரண்டு பீப்பாய், அதுவும் நல்ல நாளில்.
துருப்பிடித்த குதிரைத்தலை
தரையை முட்டி முட்டி எழும்.
அதைச் சுற்றி அரசாங்கம் ஒரு சதுரம் கிழித்து
துளையிடும் அலகு என்று பெயர் வைத்தது.
சதுரத்துக்குள் என் நிலம் இல்லை,
ஆகவே ராயல்டியில் எனக்குச் சல்லிக்காசு இல்லை.
குத்தகைக்குள் என் நிலம் இருக்கிறது,
ஆகவே வேறு யாருக்கும் அதை விட முடியாது.
பங்கு கேட்டால் நான் வேறு அலகு.
விடுதலை கேட்டால் நாங்கள் ஒரே காகிதம்.

வக்கீல் டெலோரஸ் ஹாட்லி
இரண்டு பத்திகளுக்கு நடுவே வெற்றிடத்தைத் தட்டினாள்.
"இங்கே ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.
அலகுக்கு வெளியே உள்ளது
ஐந்தாண்டில் கழன்றுகொள்ளும் என்று.
இப்போதெல்லாம் எல்லோரும் எழுதுகிறார்கள்."
இல்லாத வரியைக் காட்டியதற்கு
நூற்றெண்பது டாலர்.

பிறகு டெக்சாஸ்காரர்கள் வந்தார்கள்.
ஏக்கருக்கு ஆயிரத்து ஐநூறு.
ஷிம்கே வீட்டுக்குப் புதுக் கூரை வந்தது.
என் வீட்டுக்கு ஒரு பையன் மடிக்கணினியோடு வந்தான்,
காபி குடித்தான், கோப்பைத் திறந்தான்,
"மன்னிக்கணும் மேடம், நீங்கள் பிடிபட்டிருக்கிறீர்கள்" என்றான்,
மீனிடம் சொல்வதுபோல.

நவம்பர் பதினொன்று. சத்தம் நின்றது.
ஐம்பது வருடப் பழக்கம்; காது முதலில் நம்பவில்லை.
தொண்ணூறு நாளுக்குள் ஓடாவிட்டால்
குத்தகை செத்தது. அதுவும் அதே காகிதத்தில்தான்.
விதைக்கடைக் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்தேன்.
கிறிஸ்துமஸுக்கு ஆர்லன் வந்தான்.
வாத்துக்கறி நன்றாக இருக்கிறது என்றான்.
உதிரிப்பாகம் வரவில்லை என்று அவன் சொல்லவில்லை,
நாற்பத்து நான்கு என்று நானும் சொல்லவில்லை.

எண்பத்தெட்டாம் நாள், பனிப்புயல்,
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
கதவைத் தட்டியவனின் புருவத்தில் பனிக்கட்டி.
கிணறு பார்க்கும் ட்வைட். உதிரிப்பாகம் ஏற்றிய வண்டி
என் வாசல் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது.
"சங்கிலி இருக்கிறதா?"

இருந்தது. டிராக்டரும் இருந்தது,
இரவெல்லாம் மின்சாரத்தில் செருகி
எஞ்சினைச் சூடாக வைத்திருந்தேன்.
இல்லை என்று சொல்லலாம் என எவ்வளவு நேரம் யோசித்தேன்?
இரண்டு கையுறை மாட்டும் நேரம்.
இடது கையுறைக்குக் கொஞ்சம் கூடுதலாக.

அன்றிரவு முட்டல் மீண்டும் தொடங்கியது.
ஆர்லன் போன் செய்தான். "கேட்டதா?"
"எனக்கும் காது இருக்கிறது."
அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"வண்டியை யாரோ இழுத்துவிட்டார்களாம்" என்றான்.
"புயலில் யார் யாரோ போவார்கள்" என்றேன்.

காலையில் ட்வைட் சங்கிலியைத் திருப்பித் தந்தான்.
ஒரு கண்ணியில் கறுப்பாகப் பிசுபிசுப்பு.
துடைக்காமல் கொட்டகையில் மாட்டினேன்.
அந்த அலகிலிருந்து இந்த அலகுக்கு
ஐம்பத்தாறு வருடத்தில் வந்த எண்ணெய் அவ்வளவுதான்.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
ஆதாயம் தரும் அளவு இல்லை.