இடது சப்பாத்து

அனுசரணை நிறுவனம் என்னை அனுப்பியது
ஒரு பிழையைத் திருத்த.
பொரளைப் பக்கத்துப் புல்வெளி. காலை ஆறேகால்.
முக்காலியில் கமெரா, நொடிக்கு இருநூற்று நாற்பது படம்.
பிழையின் பெயர் மரியநேசன்,
வயது முப்பத்தொன்று,
இந்தப் பருவத்தில் மட்டும் இரண்டு கிண்ணம்.

முதல் அடியை நான் கவனிக்கவில்லை.
தும்முகிறான் என்று நினைத்தேன்.

இரண்டாவதை மெதுவாக ஓட்டினேன்.
மட்டை பின்னால் போகவில்லை, மேலே போனது,
மாங்காய்க்கு நீட்டிய கொக்கத்தடி மாதிரி.
வலது முழங்கை விலாவை விட்டுப் பறந்தது.
அக்குளில் ஒரு கைக்குட்டையை இடுக்கிக்கொள்,
அது விழக்கூடாது என்று
எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.
இவனிடம் ஒரு துவாய்கூட நிற்காது.
உச்சியில் மட்டை ஒரு சுற்றுச் சுற்றி,
யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்து,
முதுகுப் பக்கமாய்ச் சரிந்தது.
இடது குதி நிலத்திலேயே இல்லை.
பந்து போன பிறகு அந்தக் கால்
ஒரு சாண் பின்னுக்குத் தாவியது,
பஸ் நிற்குமுன் இறங்குபவனின் கால்.

திரையில் சிவப்புக் கோடு கீறினேன்:
மட்டை நடக்கவேண்டிய பாதை.
போகும்போது மேலே கடந்தான்,
வரும்போது கீழே.
நீலத்தில் கீறினேன். அதையும் கடந்தான்.
பிறகு கோடுகளை அழித்துவிட்டு
படம் படமாக நகர்த்தினேன்.

நூற்றெண்பத்தொன்றில் விரல் நின்றது.
இடுப்பு திறந்திருக்கிறது.
இடது மணிக்கட்டு தட்டை.
மட்டையின் முகம் கொடியை நேருக்கு நேர் பார்க்கிறது.
பாடநூலின் அட்டைப்படம்,
வேறொருவன் உடம்பிலிருந்து வெட்டி
இங்கே ஒட்டியதுபோல்.
நாற்பது அடி எடுத்தேன். நாற்பதிலும் அதே படம்,
ஒரு பாகை கூட, ஒரு பாகை குறைய.

மட்டை பந்தைத் தொடுவது
ஒரு நொடியை இரண்டாயிரமாய் அரிந்தால்
அதில் ஒரு துண்டு.
பந்துக்கு அதற்கு முன்னால் நடந்தது தெரியாது.
முழங்கை பறந்த பிழையை
அந்தச் சுற்று விழுங்குகிறது.
சுற்றின் தாமதத்தை
தூக்கிய குதி ஈடுசெய்கிறது.
முழங்காலில் முறுகவேண்டிய சுமையை
அந்தத் தாவல் புல்லில் கொட்டிவிடுகிறது.
ஒன்றைத் திருத்தினால் மற்றவை பட்டினி கிடக்கும்.

எனக்கு ஒரு கதை தேவைப்பட்டது.
வனாத்தமுல்லை ஒழுங்கை, நெருக்கமான வீடுகள்,
பின்னால் இடிக்கும் சுவர்,
அதனால்தான் மட்டை மேலே போகப் பழகியது.
அறிக்கையில் அழகாக இருக்கும்.
கேட்டேன்.

"சுவரா? எங்கட வீட்டுக்குப் பின்னால
பெரிய மைதானம் சேர்."
"அப்ப ஏன் இப்பிடி?"
கையுறையைக் கழற்றி, யோசித்து,
"இப்பிடி அடிச்சாத்தான்
சத்தம் சரியா வருது."

அவிசாவளை ரயில் புல்வெளியை ஊடறுத்து வந்தது.
எல்லோரும் மட்டையைத் தாழ்த்தி நின்றோம்.
அவன் மட்டும் வெறுங்காற்றில் ஒன்று சுழற்ற,
மிதிபலகையில் தொங்கிய ஒருவன்
பக்கத்திலிருந்தவனை இடித்துக் காட்டிச் சிரித்தான்.
கடைசிப் பெட்டியும் போனபின்
மரியநேசன் அடித்தான்.
கொடியிலிருந்து நாலடி.
சிரித்தவன் அப்போது நாரஹேன்பிட்டையில் இருந்திருப்பான்.

என் சுழற்சி அழகு. எல்லோரும் சொல்வார்கள்.
பதினொரு ஆண்டுகள் கைக்குட்டை விழவேயில்லை.
தகுதிச் சுற்றைத் தாண்டியதும் இல்லை.

அன்றிரவு வெள்ளவத்தை மாடிவீட்டில்
கதவைச் சாத்திக்கொண்டு
குடையால் அவனைப்போல் ஒன்று முயன்றேன்.
மின்விசிறியில் ஒரு இறகு வளைந்தது.
கழுத்து இன்னும் இடப்பக்கம் திரும்பவில்லை.

அறிக்கை, ஒரு பக்கம்:
திருத்தம் எதுவும் பரிந்துரைக்கப்படவில்லை.
இடது சப்பாத்தின் வெளிவிளிம்பு
ஆறு வாரத்தில் தேய்ந்துபோகிறது.
வலது புதிதாகவே இருக்கிறது.
இடதை மட்டும் தனியாக வாங்க
வழி உண்டா என்று விசாரிக்கவும்.