வலப்பக்கத்து வெளிச்சம்

கப்பலில் வந்த வண்டி. யோகோஹாமாவில் ஏறி
சென்னைத் துறைமுகத்தில் நாற்பது நாள் நின்றது.
கஸ்டம்ஸுக்கு நான் கட்டிய பணத்தில்
இன்னொரு வண்டி வாங்கியிருக்கலாம் என்கிறார் ஆடிட்டர்.
வாங்கியிருக்கலாம்தான். இந்தச் சத்தம் கிடைத்திருக்காது:
டர்போ எழும்பும் அந்த அரை நொடியில்,
குக்கர் விசிலடிக்குமுன் மூச்சைப் பிடிக்குமே, அது.

வளைவுகளில் சாய்ந்தது, அதுதான் குறை.
ஏற்காடு போகையில் மூன்றாம் கொண்டை ஊசியிலேயே
டேஷ்போர்டில் கிடந்த சில்லறை முழுக்க
என் கணவர் மடியில் கொட்டியது.
எண்ணிப் பார்த்துப் பதினேழு ரூபாய் என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

கொண்டலாம்பட்டி பைபாஸில் இதாயத்துல்லா பட்டறை.
பழைய ஸ்பிரிங்கைக் கழற்றித் தரையில் உருட்டினான்.
"இது அந்த ஊரு ரோட்டுக்குப் போட்டதுங்கக்கா,
நம்ம ரோட்ட யாரும் கேக்கல."
புதியது நீலம். உயரத்தைத் திருகி வைக்கலாம்.
முப்பது மில்லிமீட்டர் இறக்கினான்;
வேகத்தடைகள் ஞாபகம் வந்து பத்து ஏற்றினான்.
ஐந்து ரோடு மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும்
என் முதுகெலும்பில் கணக்கெழுதிக்கொண்டே போனது.
போகட்டும். சாயவில்லை.

விளக்குகள் ஷார்ஜாவில், உடைத்த வண்டிகளின் கிடங்கிலிருந்து.
பாதி விலை, இரண்டு மடங்கு வெள்ளை.
அவன் உதட்டைப் பிதுக்கினான்.
நான்தான் மாட்டச் சொன்னேன்.

அன்றிரவே மலைக்கு.
எட்டாவது வளைவு தாண்டியதும் பனி.
எங்கள் ஆலைத் தொட்டியில் கிழங்குப் பால்
தெளியுமுன் நிற்குமே, அந்த அடர்த்தி.
என் வெளிச்சம் அதில் மோதி
என் கண்ணுக்கே திரும்பி வந்தது.
பதினொன்றில், மேலிருந்து கடைசி பஸ்.
ஹாரன் இல்லை. டயர் தேய்ந்த சத்தம்,
பிறகு பிரேக் காற்றின் நீளமான பெருமூச்சு.

டிரைவர் இறங்கி வந்தார்.
திட்டு வாங்கக் கண்ணாடியை இறக்கினேன்.
அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கண்ணைக் கசக்கியபடி
தோளில் கிடந்த துண்டை எடுத்து
வலப்பக்க விளக்கின் மேல் போர்த்தி
பானெட் இடுக்கில் நுனியைச் செருகினார்,
கிளிக்கூண்டை இரவில் மூடுவதுபோல்.
பஸ் ஜன்னல்களில் முகங்கள்; ஒருவர் மடியில் பலாப்பழம்.
ஏறினார். போய்விட்டார்.
அந்தத் துண்டோடுதான் மேலே போய்த் திரும்பினேன்.

மறுநாள் ராத்திரி ஆலையில் பார்த்தோம்.
பட்டறை வாசல் சரிவு; எனக்குத் தெரிந்து சமமான தரை
ஜவ்வரிசி காயும் எங்கள் களம்தான்.
சுவரில் சாக்பீஸ் கோடு. இருபத்தைந்து அடி தள்ளி வண்டி.
விளக்கைப் போட்டதும் தெரிந்தது:
நேராக வந்த ஒளியின் விளிம்பு
நடுவிலிருந்து வலப்பக்கம் ஏறியது,
ஒற்றைப் புருவத்தைத் தூக்கினாற்போல.

"அங்க வலப்பக்கமா போவாங்கக்கா.
ஓரத்துல நடக்கற ஆளு தெரியணும்னு
அந்தப் பக்கம் தூக்கி வெச்சிருக்கான்.
இங்க அந்தப் பக்கந்தான எதுர்ல வர்றவன் கண்ணு?"

ஸ்க்ரூவைத் திருகியும் தீரவில்லை.
ஜவ்வரிசி வறுக்கும் தட்டின் அனலில் விளக்கை வாட்டி
பசையை இளக்கி, கண்ணாடியைப் பிரித்தான்.
உள்ளே கட்டைவிரல் நகமளவு ஒரு தகடு.
எந்தப் பக்கம் போவது என்கிற சட்டம்
இவ்வளவு மெல்லிசாக இருக்குமென்று நினைக்கவில்லை.
புரட்டி வைத்தான். மற்றதிலும்.
பனிக்கென்று கீழே இரண்டு மஞ்சள்.

முறத்தோடு வந்து நின்ற அங்கம்மா
சுவரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார்.
"முடிஞ்சுதுன்னா வண்டிய எடுங்க.
விடியறதுக்குள்ள களம் கூட்டணும்."

துண்டைத் துவைத்தாயிற்று.
ஓரத்தில் பச்சை நூலில் ஒரு 'த' இருக்கிறது.
அடிவாரத்தில் இரண்டு இரவு நின்று பார்த்தேன்;
டூட்டி மாறிவிட்டது என்கிறார் கண்டக்டர், எந்த ரூட்டென்று தெரியாதாம்.
பக்கத்து சீட்டில் மடித்து வைத்திருக்கிறேன்.
கோடு கீழேதான் இருக்கிறதென்று தெரியும். ஆனாலும்
எதிரே பஸ் வந்தால்
கை இப்போதெல்லாம் தானாகவே டிம்முக்குப் போகிறது.