உள்ளே இருந்தது

மழை விட்ட மறுநாள்,
கிள்ளான் ஆற்றின் குப்பைத்தடுப்பில்
என் கணக்கு:
மெத்தை மூன்று. ஹெல்மெட் ஒன்பது.
போலிஸ்டிரீன், எண்ண முடியாது.
சக்கரம் வைத்த பயணப்பெட்டி ஒன்று,
அதன்மேல் ஓர் உடும்பு, இறங்க மனமில்லாமல்.

படகு முனையில் யுவனேசன்
கைப்பேசியில் படித்துச் சொல்கிறான்:
"செவ்வாயில் வீடு கட்டப் போறாங்களாம்.
போவீங்களாக்கா?"

நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தேன்.
சம்பல் வாசனையோடு
ஆற்று வாடையும் சேர்ந்தே வந்தது.
பதினோரு வருடமாய்
இப்படித்தான் பசியாறுகிறேன்.

அங்கே தண்ணீர் இருக்கா?
"இருக்காம். மண்ணுக்கடியில், பனிக்கட்டியா."

கோம்பாக்கும் கிள்ளானும் முட்டிக்கொள்ளும்
இந்த முனையில்
சேற்றின் பெயரையே
தனக்கு வைத்துக்கொண்டது ஊர்.
சேறாவதற்கும்
மண்ணுக்கு ஒரு கொடுப்பினை வேண்டும்.

போகிறவர்கள் போகட்டும்.
போன இடத்தில்
உடைந்த பெட்டியை எங்கே வீசுவார்கள்,
யார் கொக்கி போட்டு இழுப்பார்கள்,
அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

கொக்கியை வீசினேன்.
உடும்பு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத்
தண்ணீரில் இறங்கியது.
கனத்தது பெட்டி.
ஜிப்பைக் கிழித்துத் திறந்தான் யுவனேசன்:

பயணத்துக்கு மடித்துவைத்த சட்டைகளைப்போல
அடுக்கடுக்காய்ச் சேறு.

படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.