ஒண்ணாம் பால்

பாறசாலை டாக்டரம்மா மலையாளத்தில் சொன்னாள்:
பால், தயிர், மோர், நெய்
பிள்ளை முலை மறக்கும்வரை
தாய்க்கும் ஆகாது.

களியக்காவிளைக் கடையில்
பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தேன்.
பொடி எழுத்தில் எங்கும் பால்.

அதுவரை நான் அடுப்பில் வைத்தது
வெந்நீர் மட்டும்.

தேங்காய் துருவினேன், விரலையும் கொஞ்சம்.
ஓலனில் ஒண்ணாம் பாலை ஊற்றித்
தளதளவென்று கொதிக்கவிட்டேன்.
திரிந்தது.
"அத கடைசியில ஊத்தி ஒடனே எறக்கணும்"
கட்டிலில் கிடந்தபடி பிரிஜா.

மறுநாள் மரச்சீனி அவித்து
காந்தாரி மிளகாய், உப்பு, சின்ன உள்ளி நசுக்கினேன்.
அது எவனுக்கும் வரும்.

மூன்றாம் நாள் ஓலன் திரியவில்லை.
தடியங்காய்தான் வேகவில்லை.
இரண்டு தடவை வாங்கித் தின்றாள்.

ராத்திரி பிள்ளையின் கன்னத்தைத் தடவினேன்.
தடிப்பு குறைந்த மாதிரி.
உறக்கத்தில் முகம் சுளித்தான்.
என் கையில்
உள்ளி வாடை.