முழங்கை

மூவாயிரம் மூட்டை வால் புட்டி விற்றதற்குக்
கம்பெனி கொடுத்தது
ஆறு ராத்திரி ஏழு பகல், துபாய்.
கொளத்தூரில் ஷட்டரை இறக்கி
‘திங்களன்று கடை திறக்கும்’ என்று
அட்டையைத் தொங்கவிட்டுப் போனோம்,
நானும் தேன்மொழியும் இலக்கியாவும்.

மழையே காணாத மண்.
எந்தக் குழாயைத் திருகினாலும் தண்ணீர்.
முதல் நாள் தேன்மொழி பக்கெட்டைத் தேடினாள்
பிடித்துவைக்க.
மூன்றாம் நாள் மாலை
பாட்டுக்குத் தகுந்தபடி நீரூற்று ஆடியது.
ஊரே கைதட்டியபோது இவள் மட்டும்
என் காதில் கணக்குப் போட்டாள்:
‘ஒரு லாரி. அதோ ரெண்டாவது.
ஐயோ, மூணாவதும் போச்சு.’

பிறகு ஒட்டகம்.
பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் பனிமலை,
வாடகைக் கம்பளிக்கோட்டில்
முன்னால் போட்டவரின் வியர்வை வாடை.
ஆறாம் நாளில் கால்வலி தவிர
ஒன்றும் ஞாபகமில்லை.

கிளம்பும் காலை லிஃப்ட்டில்
‘அப்பா பசிக்குது’ என்றாள் இலக்கியா.
சீருடையில் நின்றவர் சட்டென்று திரும்பினார்.
‘மெட்ராஸா அண்ணே? எந்த ஏரியா?’
கொளத்தூர்.
‘நமக்கு வியாசர்பாடி. பக்கம்தான்.’
முப்பத்தியொரு மாடி இறங்குவதற்குள்
பெயர் எபினேசர்,
வந்து ரெண்டு வருஷம் நாலு மாசம்,
வீட்டுக்காரி சலோமி,
பார்சல் ரொம்பச் சின்னது,
எல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.
கதவு திறந்ததும் தமிழை விழுங்கிவிட்டு
எங்களுக்கு ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார்.

திங்களன்று கடை திறக்கவில்லை.
கணேசபுரம் சுரங்கப்பாதையில்
ராத்திரி பெய்த மழை முழங்கால் வரை.
ஸ்கூட்டரை அணைத்துத் தள்ளினேன்.
தேன்மொழி வந்திருந்தால் சொல்லியிருப்பாள்,
எத்தனை லாரி என்று.

ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
பார்சலுக்குள் ஓட்டல் பெயர் போட்ட குட்டி சோப்புகள்,
நாற்பது இருக்கும்.
சலோமி ஒன்றை முகர்ந்துவிட்டு
மறுபடி அதே காகிதத்தில் மடித்து வைத்தாள்.
எங்கள் பெட்டியிலும் ஆறு இருப்பதை
நான் சொல்லவில்லை.

‘எப்படி இருக்காரு? இளைச்சிட்டாரா?’
ஒரு நிமிஷம் பார்த்தவனிடம் கேட்கிறாள்.
‘நல்லா இருக்காரும்மா’ என்றேன்,
‘வெடிப்பே விடாது சார்’ என்று
வாடிக்கையாளருக்குச் சொல்லும் அதே குரலில்.

‘போட்டோ எடுத்தீங்களா?’
நானூற்றுப் பன்னிரண்டு எடுத்திருந்தோம்.
போனை வாங்கி விரலால் தள்ளினாள்.
பனிமலை போனது, ஒட்டகம் போனது,
தேன்மொழி கணக்கிட்ட லாரிகள் எல்லாம்
சத்தமில்லாமல் மேலே போயின.
நீச்சல்குளத்தில் நின்றாள்.
இரண்டாம் நாள்.
ரப்பர் வளையத்துக்குள் இலக்கியா,
விழுந்த பல்லின் சந்தோடு சிரிக்கிறாள்.

‘இதுல இருக்காரு.’
எங்கே?
செடித்தொட்டிக்குப் பின்னால் மஞ்சள் ஹோஸ் பைப்.
அதைப் பிடித்தபடி, படத்தின் விளிம்பு அறுத்துப்போட்ட
பாதி ஆள்.
முகம் இல்லை. ஒரு முழங்கை.

இரண்டு விரலால் விரித்தாள்.
முழங்கை கட்டம் கட்டமாய் உடைந்தது.
‘இந்தத் தழும்பு, மண்ணடியில தகரம் வெட்டும்போது.
ஒம்பது தையல்.’
கொஞ்ச நேரம் கழித்து,
‘போன்ல எப்பவும் மூஞ்சிய மட்டும்தான் காட்டுவாரு.
பின்னாடி வெள்ளைச் சுவரு.
அவரு வேல செய்யிறத
இப்பதாண்ணே பாக்கறேன்.’

இரண்டாம் நாளே அங்கே இருந்திருக்கிறார்.
அவர் நனைத்த தரையில்தான்
நாங்கள் செருப்பை விட்டிருந்தோம்.

‘இது ஒண்ணு மட்டும் அனுப்புங்க’ என்றவள்
தயங்கி, ‘பாப்பா இல்லாம’ என்றாள்.
வெட்டினேன்.
நீலம் போனது, வளையம் போனது,
என் மகளின் சிரிப்பு போனது.
மிஞ்சிய துண்டு
அவள் போனில் ‘டிங்’ என்று விழுந்தது.

அன்று ராத்திரி
மிச்சம் நானூற்றுப் பதினொன்றையும் பார்த்தேன்,
எங்கள் முகங்களுக்குப் பின்னால்.
ஒரு தட்டு, அதன் அடியில் நாலு விரல்.
கண்ணாடியில் பாதித் தொப்பி.
லைட்டை அணை என்றாள் தேன்மொழி.
இரு, ஒரு நிமிஷம்,
இந்த ஒட்டகத்தின் கயிறு
படத்துக்கு வெளியே போகிறது.
யாரோ பிடித்திருக்கிறார்கள்.