இல்லாத வலை

லெட்யூஸ் பாத்தியைச் சுற்றி
மத்தி பிடித்த பழைய வலையைக் கட்டினாள் டொரிண்டா.
கலீசியாக் கடற்கரையில் மழைக்கா பஞ்சம்?
வலை காயவே இல்லை.
இலையிலும் மீன் வாடை.

பூண்டின் காலடியில் தட்டைக்கல் பதித்தேன்.
கல்லைக் கிளறும் கோழி உலகத்தில் இல்லை என்றேன்.
சரிதான்.
கழுத்தில் இறகில்லாத சிவப்பி,
பேர் மேயரம்மா,
கல்லின் மேல் ஏறி நின்று
சாவகாசமாகப் பூண்டைக் கொத்தினாள்.

பிறகு நேரத்தையே வேலியாக்கினோம்.
பொழுது சாய ஒரு மணி இருக்கையில்
கூண்டைத் திறப்பது.
ஜூலையில் அது இரவு ஒன்பது.
நத்தை பொறுக்கத்தான் அவகாசம்,
இருட்டினால் கண் தெரியாது,
தானே வந்து அடையும்.
தக்காளி இடுப்புயரம் வளர்ந்தது.
பக்கத்து வீட்டு ஃபுரோய்லான்
சுவரோரம் நின்று எண்ணினார்
பழத்தை, பிறகு கோழியை.

நவம்பரில் வலையை அவிழ்த்தாள்.
உள்ளே முட்டைக்கோஸ் அடித்தண்டும் சேறும்.
போங்கடி, கிளறுங்கள், எல்லாம் உங்களுக்கு.

எட்டுக் கோழிகளும்
வலை இருந்த கோட்டில் வந்து நின்றன,
ஓரமாகவே சுற்றி நடந்தன.

மேயரம்மாதான்
இறக்கை படபடக்க எம்பி,
இல்லாத வலையை
அதே உயரத்துக்குத் தாண்டி
உள்ளே இறங்கினாள்.