மிகவும் திறந்து கிடக்கிறது

புந்தா அரேனாஸில் இரவு மூன்று மணி.
ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்குகிறது காற்று.
கீழே துறையில் ஆடு ஏற்றிய லாரிகள் நான்கு.
ஐந்தாவதில் பால்தொமேரோ, தூங்காமல், ஹாரன் அடிக்கிறார்:
காலைப் படகு உண்டா, இல்லையா?

படகு அட்டவணை சாவ் பாவ்லோவில் எங்கோ
வாடகை சர்வர் ஒன்றில் இருக்கிறது.
சாவி என்னிடம் இருக்கிறது,
அலுவலகக் கணினி படுத்துவிட்டதால்
வீட்டிலிருந்து தூக்கி வந்த பழைய விண்டோஸ் பெட்டியில்.

முதல் ஒரு மணி நேரம் வெறும் மௌனம்.
கர்சர் மட்டும் இமைத்தது.
நேரம் கடந்துவிட்டது என்றது. மறுபடி, நேரம் கடந்துவிட்டது.
எங்கள் ஐபி எண் நேற்றே மாறிப்போனதை
ஃபயர்வாலுக்கு யாரும் சொல்லவில்லை.
சொன்னேன்.

உடனே பதில்: அனுமதி மறுக்கப்பட்டது.
சிரித்துவிட்டேன்.
மறுப்பதற்காவது உள்ளே ஆள் இருக்கிறதே.

பயனர் பெயரைப் பார்த்தேன். ரூட் இல்லை, உபுண்டு.
கோப்பைப் பார்த்தேன். நோட்பேட் அதற்கொரு வாலை ஒட்டி,
ஒட்டியதை மறைத்தும் வைத்திருந்தது.
நறுக்கினேன்.

அப்புறம்தான் அந்த எச்சரிக்கை, சுற்றிலும் வேலி கட்டி:
உன் சாவி மிகவும் திறந்து கிடக்கிறது.
மற்றவர் வாசிக்கக்கூடிய சாவியை ஏற்பதற்கில்லை.

யார் அந்த மற்றவர்?
வலது சொடுக்கு. பண்புகள். பாதுகாப்பு.
சிஸ்டம், நிர்வாகிகள், நான்,
எனக்குக் கீழே
எவாரிஸ்தோ.

அவன் போய் இரண்டு வருஷம்.
வீட்டுப் பூட்டை மாற்றியாயிற்று. வங்கிக் கணக்கைப் பிரித்தாயிற்று.
நாய் எனக்கு என்று எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று.
இந்தப் பெட்டி மட்டும்
எங்கள் இருவருக்கும் பொது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.

அவன் பெயரைத் தொட்டு, நீக்கு என்றேன்.
முடியாதாம்.
மேல் கோப்புறையிலிருந்து வாரிசாக வந்த உரிமையாம்;
வாரிசுரிமையை முதலில் துண்டிக்க வேண்டுமாம்.

மாத்தே ஆறிப்போயிருந்தது. அதையே குடித்தேன்.
காற்று எங்கிருந்தோ ஒரு தகரத்தைத் தூக்கி எங்கோ போட்டது.
துண்டித்தேன்.

பட்டியலில் இப்போது ஒரே பெயர், ஹிமேனா,
ஓர் எழுத்துப் பிழையோடு.
கணக்கைத் திறந்த அன்று அவன் தட்டியது.
அது இருக்கட்டும்.

மேல் அம்பு, என்டர்.
வரவேற்பு. கடைசியாக நுழைந்த தேதி.
ஒரு டாலர் குறி, என்ன வேண்டும் என்பதுபோல.

இத்தனையும் உள்ளே போய் ஒரு வரி எழுதத்தான்:
இன்று காற்று அதிகம். படகு இல்லை.

லாரி விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.
பால்தொமேரோ மட்டும் இன்னொரு முறை ஹாரன் அடித்தார்.
நன்றியா வசவா, தெரியவில்லை.